11 வருடமாக என் தோளில் ஒரு ரெட்டைக்குழல்

வீட்டில் இரண்டு துப்பாக்கி உண்டு. ஒன்று, ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போய்த் திரும்பியபோது வாங்கி வந்த இங்கிலாந்துச் சரக்கு. 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) ரெட்டைக்குழல், இரும்பெல்லாம் பூவேலை. மற்றது 11 வருடத்துக்கு முன் நான் வாங்கிய நம் நாட்டுத் தயாரிப்பு. அழகில் ஐயாவுடையதன் கால் தூசிக்கு வராது. ஆனால் நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப் போவது இதைத்தான்.

காரணம் அளவு. ஐயா ஐந்தே கால் அடி, நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவர் கைக்கு இழைத்த கட்டை, அதாவது தோளில் முட்டுக் கொடுக்கும் மரப்பகுதி, எனக்குக் குட்டை. முதல் நாள் சுட்டபோது என் கட்டைவிரலே மூக்கில் இடித்து ரத்தம் வந்தது. புதியதும் அப்படியே பொருந்திவிடவில்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து, பின்பக்கம் அரை அங்குல ரப்பர் பேட் வைத்த பிறகுதான் தோளில் உட்கார்ந்தது. குதிரை (சுட விரலால் இழுக்கும் விசை) இன்னும் கொஞ்சம் கனம்தான், பழகிவிட்டது.

வாங்கப் போகிறவர் கடையிலேயே பார்க்கலாம். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கண்ணைத் திறக்க வேண்டும். முனையிலுள்ள மணி நேராகத் தெரிந்தால் சரி. குழலின் அடிப்பகுதிதான் கண்ணை மறைக்கிறது என்றால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. பூவேலை, விலை எல்லாம் அப்புறம்.

பழைய துப்பாக்கி என்றால் குழலைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். நம் வீட்டு ஆச்சிமார் வெண்கலப் பானையைத் தட்டி வாங்குவார்களே, அதே வித்தைதான். கணீரென்று நீண்டு ஒலித்தால் இரண்டு குழலும் நன்றாகப் பற்றியிருக்கின்றன. சொத்தென்று ஒலித்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது.

அடுத்தது தோட்டா நீளம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஐயாவுடையதன் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், 65 மி.மீ., இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. உள்ளே தாராளமாகப் போய்விடும், அதுதான் ஆபத்து. தோட்டாவில் எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். விரிய இடமில்லாமல் குழல் நெருக்கினால் அழுத்தம் எகிறும். அதனால் ஐயாவின் துப்பாக்கியைத் துடைத்து வைப்பதோடு சரி.

வேட்டைக்கு எது நல்லது என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். ஐயா காலத்தில் கவுதாரி, முயல் என்று போனார்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு அந்தப் பேச்சே கிடையாது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே துப்பாக்கியோடு அலைய எனக்கு மனமும் இல்லை.

மிச்சம், எந்திரம் வீசும் தட்டைப் பறக்கையிலேயே சுடுவதுதான். 110 மி.மீ. அகலத் தட்டு. பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட டிராப் போட்டி இதில் ஒரு வகை. தட்டு நம்மை விட்டு ஓடும், அதனால் குழல் வாய் குறுகிய 'ஃபுல் சோக்' உதவும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் தோட்டாவிலுள்ள ரவையில் (சிறு குண்டுகளில்) ஏறக்குறைய 70 சதவீதம் விழும். ஸ்கீட் என்ற இன்னொரு வகையில் தட்டு கிட்டத்தில் குறுக்கே பாயும், அங்கே அகன்ற வாய் வேண்டும். இரண்டும் ஆடுபவர் சோக்கை மாற்றிக்கொள்ளும் மேல்-கீழ் குழலுக்குக் காசு சேர்க்கலாம்.

பராமரிப்பில் நான் செய்த முட்டாள்தனம் இரண்டு. ஒன்று, தேங்காய் எண்ணெய் தடவியது. பிசினாக இறுகிவிட்டது. இன்னொன்று, ஐப்பசி மழையில் தோல் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. ஈரத்தைத் தோல் குடித்து இரும்புக்குக் கொடுத்தது. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்பியபோதும் ஒருமுறை உட்குழலில் துரு இருந்தது. இப்போது கொடுக்கும் முன் நல்ல துப்பாக்கி எண்ணெயைத் தாராளமாகப் போடுகிறேன், வந்த அன்றே துடைத்துவிடுகிறேன்.

போன மாதம் மகள் என் எதிரில் ஐயாவின் காலித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அவளுக்கு 19. லைசென்ஸுக்கு 21 ஆக வேண்டும். அதற்குள் 65 மி.மீ. தோட்டா எங்காவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.