கிளிநொச்சிப் பரந்தன் பக்கம் ஒரு சின்ன அரிசி மில், ஒருக்கா போய்ப் பாருங்கோ

போன கிழமை மொட்டைக்கறுப்பன் எண்ட நாட்டு நெல்லின்ர புழுங்கல் அரிசி 5 கிலோவும் குரக்கன் மாவும் வாங்கினனான். அரிசியில ஒரு கல்லு இல்லை, தவிட்டை முழுக்கத் தீட்டாமல் விட்டிருக்கினம், உலை கொதிக்கேக்கையே வீடு முழுக்க மணம். குரக்கன் மா கொஞ்சம் கொரகொரப்பு, இன்னொருக்கா அரிச்சுத்தான் புட்டு அவிக்கோணும். மில்லில நிக்கிற அக்கா நெல்லை உள்ளங்கையில தேய்ச்சுக் காட்டி எந்த வயல் எண்டும் சொல்லித்தான் தருவா.

விலை கடை அரிசியை விடக் கூடத்தான், ஆனா 2022ஐ நினைச்சால் எனக்கு அது பெரிசில்லை. 2021ல அரசாங்கம் ரசாயனப் பசளையை நிப்பாட்ட வயல் விளைச்சல் விழுந்துது, அடுத்த வருசம் ரஷ்யா உக்ரேனுக்குள்ள பூர கோதம்பை விலை உலகம் முழுக்க ஏறிச்சு, எங்கட இலங்கையில டொலரும் இல்லை, பாணுக்கும் சமையல் காஸுக்கும் வரிசை, கடைசியில ஜூலையில ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போனார். உக்ரேன் கோதம்பை ஏத்திற கருங்கடலில கப்பல் மறிபட்டால் வன்னியில பிள்ளையளின்ர காலைச் சாப்பாடு குறையும் எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சு. அதாலதான் பக்கத்து வயல் நெல்லை பக்கத்திலயே குத்தி விக்கிற இப்பிடி இடங்கள் நிலைக்கோணும் எண்டு விரும்புறன்.

காலமை வெள்ளெனப் போங்கோ, மொட்டைக்கறுப்பன் கெதியா முடிஞ்சிடும். பையும் கொண்டு போங்கோ.