இரத்த அழுத்தத்தோடு ஆறு ஆண்டு உடற்பயிற்சி: என் குறிப்பேட்டிலிருந்து

இரத்த அழுத்தத்தின் மேல் எண் 150-க்கும் 158-க்கும் இடையில் நின்றுகொண்டு இறங்க மறுத்தபோது, மாத்திரையோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்றார் மருத்துவர். அப்போது எனக்கு வயது 61; இப்போது 67. இந்த ஆறு ஆண்டுகளில் நடைப்பயிற்சி, இறகுப்பந்து, தாய் சி என்னும் மெதுவான அசைவுகளாலான சீன உடற்பயிற்சி, கையில் பிடித்து இறுக்கும் கைப்பிடிக் கருவி ஆகிய நான்கையும் சில மாதங்களாவது விடாமல் செய்து, அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கிறேன்.

நடைப்பயிற்சியில்தான் தொடங்கினேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கிய நான் அதன் கீழெல்லையை எட்டவே இரண்டு மாதமாயிற்று. நான் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு வகை மாத்திரை இதயத் துடிப்பையே மட்டுப்படுத்திவிடுவதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை வைத்து உழைப்பை அளக்க இயலவில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவுகோலே கைகொடுத்தது. மூன்று மாத முடிவில் காலைச் சராசரி ஆறு புள்ளி இறங்கியது. கணுக்கால் சுளுக்கி ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தபோது அந்த ஆறும் திரும்பி வந்துவிட்டது.

உண்மையில் என்னைப் பிடித்து வைத்தது இறகுப்பந்துதான். தனியாக நடப்பதற்கு நாள்தோறும் ஒரு சாக்கு கிடைத்தது. எதிரே மூவர் காத்திருக்கிறார்கள் என்றால் எந்தச் சாக்கும் எடுபடுவதில்லை. இரட்டையர் ஆட்டம் மட்டுமே ஆடினேன், ஏனெனில் ஒற்றையர் ஆட்டத்தின் திடீர் ஓட்டங்கள் அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தக்கூடியவை. அப்படியிருந்தும் ஒரு நாள், விறுவிறுப்பான ஆட்டம் முடிந்த கையோடு அசையாமல் நின்றபோது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆடும்போது கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்; தசைகளின் அசைவு நின்றதும் இரத்தம் அங்கேயே தேங்கும்; அழுத்தம் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு இந்தச் சரிவு இன்னும் கூடும். அன்றிலிருந்து ஆட்டத்துக்குப் பின் பத்து நிமிடம் மெல்ல நடக்காமல் நான் உட்காருவதில்லை.

இன்னொரு மயக்கமும் அங்கேதான் நேர்ந்தது, இது எண்களால் வந்தது. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் அளந்தால் 118 என்று காட்டும். மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உழைப்புக்குப் பின் அழுத்தம் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரைகூடத் தாழ்ந்திருப்பது இயல்பு என்றும், காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்ததே கணக்கு என்றும் மருத்துவர் திருத்தினார்.

தாய் சி முழங்காலுக்கு இதமானது, தள்ளாட்டத்தைக் குறைத்தது, மழைக்காலத்துக்கென்று வைத்திருக்கிறேன். கைப்பிடிக் கருவியைப் பற்றி ஆய்வாளர்கள் உயர்வாகவே பேசுகிறார்கள். முழு வலிமையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, இவ்வாறு நான்கு முறை, வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். மூச்சை அடக்கினால் அழுத்தம் எகிறிவிடும் என்பதால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தேன். எனக்கும் பலன் தெரிந்தது, ஆனாலும் நான்கு மாதத்தில் கருவி மேசையின் இழுப்பறைக்குள் போய்விட்டது. அதில் விளையாட்டு ஏதுமில்லை.

ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு அழுத்தம் அளக்கக் கையில் சுற்றிக்கொண்ட கைப்பட்டை என் புயத்துக்குச் சிறியது. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே தொடக்கத்தில் எழுதிய 158 என்பதில் சில புள்ளிகள் பட்டையின் கைவரிசையாக இருக்கலாம். சரியான பட்டைக்கு மாறிய பிறகான காலைச் சராசரி இப்போது 132-க்கு 80. வாரம் மூன்று நாள் ஆட்டம், இரண்டு நாள் நடை. மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்டால் அன்று ஆட்டமில்லை என்பது மருத்துவர் எனக்கு வகுத்த எல்லை. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நிறுத்தி உதவி கேட்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. மாத்திரையின் அளவு ஒருமுறை குறைக்கப்பட்டது, அவர் கையால்தான்.