சீர் சாமான் புத்தகமும் பழைய நெட்புக்கும்: டெக்ஸ் லைவ் எனக்கு எப்படி உதவியது

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், இதுதான் அன்றாடம். தை மாதம் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் வைத்த சீர் சாமான் பட்டியல். "பேத்திகளுக்கு ஆளுக்கொரு புத்தகமாக் கொடுக்கணும் தம்பி, ஒரு வரி விடக்கூடாது" என்றார்கள். வெள்ளிக் குத்துவிளக்கில் தொடங்கி மங்குச் சட்டி, மரவை, கொட்டான் என்று 140 பக்கத்துக்கு ஒரே அட்டவணை.

கடைக் கணினிக்கு முகூர்த்த மாதத்தில் ஓய்வில்லை. வீட்டில் இருந்தது 2009-இல் வாங்கிய நெட்புக்: 32 பிட் ஆட்டம் (Atom) செயலி, 2 ஜிபி ராம், டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். (டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவி கிடையாது, அதனால் 12-லேயே நிற்கிறேன்.) வழக்கமான சொற்செயலியில் 40 பக்கம் தாண்டியதும் திரை உறைந்துவிட்டது. டெக்ஸ் (TeX) என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் அந்தத் தொல்லை இல்லை. நாம் எழுதுவது வெறும் உரைக்கோப்பு. பக்கம் கட்டுவது தனி வேலை, கட்டளை கொடுத்து ஓட்டினால் அது பின்னால் நடக்கும்.

டெக்ஸும் அதன் துணைத் தொகுப்புகளும் சேர்ந்து வருவதுதான் டெக்ஸ் லைவ். அதை நிறுவும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்படியே விட்டால் முழுத் தொகுப்பும் இறங்கும், 7 ஜிபிக்கு மேல். நிறுவி காட்டும் பட்டியலில் 'ஸ்கீம் ஸ்மால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கு வேண்டிய ஸீடெக் (XeTeX, யுனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் டெக்ஸ்) அதிலேயே இருக்கிறது. விளக்க ஆவணங்கள், மூலக்கோப்புகள் இரண்டையும் விருப்பங்களுக்குள் போய் நிறுத்திவிடுங்கள். எனக்குப் பாதியில் இணையம் போனது. பயந்தே போனேன். ஆனால் நாம் தேர்ந்தெடுத்தவற்றை நிறுவியே ஒரு புரொஃபைல் கோப்பில் எழுதிவைத்து, எந்தக் கட்டளையில் தொடரலாம் என்றும் சொல்லிவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. முடிந்ததும் அதன் 'bin' கோப்புறையை, கட்டளைகளைக் கணினி எங்கே தேடவேண்டும் என்று சொல்லும் பாத் (PATH) வரியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. 'செம்பு' என்ற சொல்லில் ச முதலில் நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் தொங்குகிறது. எழுத்துருவில் கோளாறு என்று இரண்டு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், அதேதான். அப்புறம்தான் பிடிபட்டது: எழுத்துருவை அழைக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் (fontspec) தொகுப்பில், அழைக்கும் வரியிலேயே ஸ்கிரிப்ட் தமிழ் (Script=Tamil) என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் கொம்பை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை நடக்காது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டியதும் கொம்பு ச-வுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. நோட்டோ செரிஃப் தமிழில் அந்தப் பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது.

நீள அட்டவணைக்கு லாங்டேபிள் (longtable) என்ற தொகுப்பு. தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரும். பத்தி அகலம் நிலைப்பட இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் கோடுகள் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்துக் கலங்காதீர்கள். நெட்புக்கில் ஒரு ஓட்டம் ஒன்றரை நிமிடம். நீளச் சொற்கள் ஓரத்தைத் தாண்டினால் டெக்ஸ் லைவுக்குத் தொகுப்புகளைச் சேர்க்கும் டிஎல்எம்ஜிஆர் (tlmgr) வழியாக, இந்திய மொழிச் சொற்களை வரிக் கடைசியில் பிரிக்கும் ஹைபன் இண்டிக் (hyphen-indic) தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், மொழியைக் குறிக்கும் பாலிகிளாசியா (polyglossia) தொகுப்பில் தமிழ் என்று வைத்தால் சொல் சரியாக மடங்கும்.

பூ பார்டர் போட்ட பத்திரிகைக்கு இதை நான் சொல்லமாட்டேன். அங்கே கையால் நகர்த்தி வைப்பதுதான் வேகம். யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் புத்தகம், பட்டியல், கொடிவழி என்றால், மூலையில் போட்ட கணினியைத் தூசி தட்டி எடுங்கள். தாராளமாகப் போதும்.

மெய்ப்பை ஆச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரலை ஓட்டினார்கள். 63-ஆம் பக்கத்தில் விரல் நின்றது. "உப்பு மரவை ரெண்டில்லை தம்பி, மூணு. ஒண்ணு எங்க அப்பத்தா கொடுத்தது, அதைத் தனி வரியாப் போடு." போட்டேன். அடுத்த ஓட்டத்தில் பின்னால் இருந்த அத்தனை வரிசை எண்ணும் தானாக மாறிக்கொண்டன.