"உங்கள் பிள்ளை பரிந்துரைக்கப்பட்டிருக்கிறாள்" என்று கடிதம் வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நியூ ஜெர்சியில் பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக, காசு வாங்கி நடத்தும் கோடைப் படிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றி இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

குளிர்கால விடுமுறை நெருங்கும்போது ஒரு தடித்த உறை வரும். உள்ளே பொன்னிற முத்திரை, மசியில் போட்டது போன்ற கையெழுத்து, மருத்துவத் துறையின் நாளைய தலைவர்களில் ஒருவராக உங்கள் மகள் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறாள் என்ற வாசகம், பேர்போன ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் படம், இடம் குறைவு, இன்ன தேதிக்குள் உறுதி செய்யுங்கள் என்று ஒரு கெடு. கோடையில் இரண்டு வாரம், அங்கேயே டார்மில், அதாவது மாணவர் விடுதியில், தங்கிப் படிப்பது. எங்கள் வீட்டுக்கும் வந்தது, நம்பி மகளைச் சேர்த்தோம். எல்லாம் சேர்ந்து ஏழாயிரம் டாலருக்குக் கிட்டப் போனது, அதில் பெரும்பகுதி திரும்பவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் அதை நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை, இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அந்தப் பரிந்துரை. யார் பரிந்துரைத்தது என்று கடிதத்தில் இல்லை. போனில் கேட்டால், உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர், பெயரை வெளியிட மாட்டோம் என்றார்கள். பள்ளிக் கவுன்சிலரிடம் பின்னால் விசாரித்தோம், அவர் அந்த நிறுவனத்தையே கேள்விப்பட்டதில்லை. அப்புறம் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பள்ளிப் பதிவேட்டில் மகளின் பெயர் முழுதாக, அப்பா பெயரோடு இருக்கும். கடிதத்தில் இருந்ததோ தோழிகள் கூப்பிடும் சுருக்கப் பெயர். அந்தப் பெயரை அவள் கொடுத்தது, எந்தப் படிப்பு உனக்குப் பொருந்தும் என்று கேள்வி கேட்கும் ஓர் இணையதளத்தில். தமிழ்ப் பள்ளி வாசலில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அம்மா, "அக்கா, எங்களுக்கும் இதே லெட்டர் வந்துச்சே, அவன் டாக்டருக்குப் படிக்கணும்னு எங்கயும் சொன்னதே இல்லையே" என்றார். மாணவர்களின் விவரம் இங்கே விலைபோகும் சரக்கு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு மீதே, மாணவர் விவரங்களைப் பகிர்ந்து காசு பார்த்ததாக நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் நடவடிக்கை எடுத்து, 2024 பிப்ரவரியில் அது ஏழரை லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அப்படியிருக்க, ஊர் பேர் தெரியாத கம்பெனிக்கு உங்கள் வீட்டு முகவரி கிடைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இரண்டாவது, வளாகம். கோடையில் டார்ம்கள் காலியாகக் கிடக்கும், பல்கலைக்கழகங்கள் அவற்றையும் வகுப்பறைகளையும் வெளியாட்களுக்கு வாடகைக்கு விடும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பது மாதிரிதான், அதனால் மண்டபக்காரர் உங்களுக்கு உறவுக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது அந்தப் பல்கலைக்கழகமே கூப்பிடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும், அப்படித் தோன்றும்படிதான் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குப் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்ற வரி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதனால் முதல் சோதனை இது: அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், கோடை நிகழ்ச்சிகள் பட்டியலில் இது இருக்கிறதா? பணம் யார் பெயருக்குப் போகிறது? பல்கலைக்கழகத்தின் கோடை அலுவலகத்துக்குப் போன் செய்து, இது நீங்கள் நடத்துவதா என்று நேராகவே கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். மகளுக்குக் கிடைத்த அடையாள அட்டை அந்தக் கம்பெனியுடையது. பல்கலைக்கழக நூலகத்தின் கதவு அதற்குத் திறக்கவில்லை, வாசலில் இருந்தவர் விருந்தினருக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். விளம்பரத்தில் இருந்த மருத்துவர்கள் முதல் நாள் வீடியோவில் வந்து வாழ்த்தினார்கள், அவ்வளவுதான். "அம்மா, இங்க சொல்லிக் கொடுக்கிற அண்ணாவே காலேஜ் செகண்ட் இயர்தான், ஸ்லைடை அப்படியே பார்த்துப் படிக்கிறார்" என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அறுவை சிகிச்சைப் பயிற்சி என்று போட்டிருந்தது உள்ளங்கை அளவு சிலிகான் துண்டில் தையல் போடுவது. அதுவும் நாலு பிள்ளைகளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ரெண்டு தையல். மருத்துவமனைப் பார்வை என்றது, வரவேற்பறை வழியாக நடந்து, கேன்டீன் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு நிர்வாக அலுவலர் பேசுவதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறுவது. நோயாளிகளின் அந்தரங்கம் காக்கும் சட்டம் இருக்கும்போது பதினாறு வயதுப் பிள்ளைகளை வார்டுக்குள் கூட்டமாக விட மாட்டார்கள் என்பது உண்மைதான். அது அவர்களுக்கும் தெரியும், தெரிந்துதான் வார்டின் படத்தை அச்சிட்டிருந்தார்கள்.

கட்டணத்துக்கு மேல் வேறு வாங்கினார்கள். வார இறுதிச் சுற்றுலாவுக்குத் தனி, ரயில் நிலையத்தில் வந்து அழைத்துப் போகத் தனி. முடிந்த பிறகும் விடவில்லை, ஆய்வுக் கட்டுரை எழுத வழிகாட்டி, அதை இதழில் வெளியிட்டும் தருகிறோம், கல்லூரி விண்ணப்பத்தில் போடலாம் என்று இன்னொரு பெரிய தொகைக்கு மெயில் வந்தது. அந்த இதழும் அவர்களுடையதே.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, நிகழ்ச்சி நிரலும் ஆசிரியர்களும் மாறுதலுக்கு உட்பட்டவை என்ற வரியை எடுத்து நீட்டினார்கள். நீதிமன்றம் போகாமல் மத்தியஸ்தர் மூலமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. முன்பணத்தை கிரெடிட் கார்டில் வாங்கிக்கொண்டு, மீதியை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்பது அவர்கள் ஏற்பாடு. ஏன் என்று இப்போது புரிகிறது. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட முடிந்தது, முன்பணம் வந்தது. நேரடியாக அனுப்பியதை வங்கி தொடவே இல்லை, நீங்களே அனுமதித்து அனுப்பியதுதானே என்று சொல்லிவிட்டது. எதற்காக இருந்தாலும் இவ்வளவு பெரிய தொகையை ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் செயலியிலோ வங்கி வழியோ அனுப்பாதீர்கள், தள்ளுபடியே கொடுத்தாலும். கார்டில் தகராறு எழுப்புவதற்குச் சட்டப்படி உள்ள காலம், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாள். ஆனால் பிப்ரவரியில் பணம் வாங்கி ஜூலையில் வகுப்பு நடத்துகிறார்கள், இந்த இடைவெளியைக் கவனியுங்கள். சில கார்டு நிறுவனங்கள் சேவை நடக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கெடுக்கும், அதனால் நாள் கடந்துவிட்டது என்று நீங்களே விட்டுவிடாமல் போன் செய்யுங்கள்.

சரி, கம்பெனி மோசம், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது என்றால் சேர்க்கலாமா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஹார்வர்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் இரண்டு வார ப்ரீ-காலேஜுக்குக் கட்டணம் ஐயாயிரம் டாலருக்கு மேல், கல்லூரிப் படிப்பில் சேரும் கிரெடிட் கிடையாது, கிரேடு கிடையாது. அதில் போய் வந்தால் அட்மிஷனில் முன்னுரிமை வரும் என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. காசு இருக்கிற பெற்றோர் அனுப்பினார்கள் என்பதைத் தவிர அதிலிருந்து அட்மிஷன் அலுவலருக்கு என்ன தெரியும்? பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. அதில் ஒன்றை நிரப்ப ஐயாயிரமா?

உண்மையிலேயே மதிப்புள்ள கோடை நிகழ்ச்சிகளில் பல இலவசம், அல்லது குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற ஆய்வு நிகழ்ச்சிக்குக் கட்டணமே கிடையாது, கிட்டத்தட்ட நூறு பேரைத்தான் எடுப்பார்கள். டெல்லுரைட் சங்கத்தின் கோடைக் கருத்தரங்கும் இலவசம். 1959 முதல் நடக்கும் சம்மர் சயின்ஸ் ப்ரோக்ராமில் வருமானம் பார்த்து உதவி உண்டு. நம் மாநிலத்திலேயே ரட்கர்ஸில் பொறியியலுக்கும் ட்ரூ பல்கலைக்கழகத்தில் அறிவியலுக்கும் கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடைப் பள்ளி இருக்கிறது, பதினோராவது படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், பைசா செலவில்லை. இவையெல்லாம் கட்டுரை கேட்கும், ஆசிரியர் கடிதம் கேட்கும், சில இடங்களில் கணிதக் கணக்குகளைக் கொடுத்துப் போட்டு அனுப்பச் சொல்லும். பிள்ளையைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் கார்டு நம்பரை மட்டும் கேட்பவர்கள் என்ன தேர்வு செய்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆனால் இவற்றில் இடம் கிடைப்பது கஷ்டம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் "இடம் இல்லை" என்றுதான் பதில் வரும். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காசு கொடுத்துப் போவதே வீண் என்று நான் சொல்லவில்லை. கலைப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளை, ஒரு நல்ல கலைக் கல்லூரியே நடத்தும் கோடை வகுப்பில் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தால், விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு வேலைகள் சேரும். அது கண்ணுக்குத் தெரிகிற பலன். வீட்டை விட்டுத் தனியாக இருந்து பழகட்டும், புது நண்பர்கள் கிடைக்கட்டும் என்று, முடிகிற குடும்பம் தெரிந்தே செலவு செய்தால் அதிலும் குற்றமில்லை. கடன் வாங்கியோ, ஊரில் அம்மா அப்பாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தை எடுத்தோ, அட்மிஷனுக்கு உதவும் என்று கட்டுவதைத்தான் வேண்டவே வேண்டாம் என்கிறேன். எனக்குத் தெரிந்தே அப்படிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். மகள் இப்போது எங்கள் டவுன் ஆம்புலன்ஸ் ஸ்குவாடில் கேடட்டாக, அதாவது இளம் பயிற்சியாளராக, சேர்ந்திருக்கிறாள். நியூ ஜெர்சியில் 16 வயதிலேயே இ.எம்.டி. என்ற அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் வாங்கலாம், தன்னார்வலர்களின் பயிற்சிக் கட்டணத்துக்கு மாநில நிதியும் இருக்கிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்கள் ஊர் ஸ்குவாடில் போய்க் கேளுங்கள். கவர்னர்ஸ் ஸ்கூல் விண்ணப்பத்தைப் பற்றிக் கவுன்சிலரிடம் குளிர்கால விடுமுறைக்கு முன்பே பேசிவிடுங்கள், லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடலாம்.