நொதியின் பாதுகாப்புக்கு எது சான்று: எலிச் சோதனையா, திரிபின் மரபுவழியா?

உணவுத் தயாரிப்பில் பயன்படும் நுண்ணுயிர் நொதிகளைப் பரிசீலிப்பவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு நொதித் தயாரிப்பையும் எலிகளுக்கு 90 நாள் வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பது ஒன்று. நொதியைச் சுரக்கும் திரிபு, அதாவது ஒரு நுண்ணுயிர் இனத்துக்குள் தனித்து அறியப்படும் வகை, எதிலிருந்து வந்தது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து, அந்த மரபுவழி முன்பே பாதுகாப்பானதென நிறுவப்பட்டிருந்தால் அதையே சான்றாக ஏற்பது மற்றொன்று. 1983இல் பரிசா, ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்து, 2001இல் பரிசாவும் ஜான்சனும் விரிவுபடுத்திய முறை இது. எங்கள் பரிசீலனைக்கு இரண்டாவதையே அடிப்படையாகக் கொண்டோம்.

நொதி ஒரு புரதம், பெரும்பாலும் மற்றப் புரதங்களைப் போலவே செரிக்கும் என்பதில் சர்ச்சை இல்லை. 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா இருக்கக் கூடாது என்பது போன்ற வரம்புகள் இரு வழிக்கும் பொது. கவலை, நொதியோடு சேர்ந்து வரக்கூடியவற்றைப் பற்றியதுதான்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் சில திரிபுகள் ஆக்ராடாக்சின் ஏ என்ற நச்சை உண்டாக்கும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் சில திரிபுகள் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நச்சை உண்டாக்கும்.

எதிர்பாராத நச்சையும் காட்டிக்கொடுக்க வல்லது என்பதே எலிச் சோதனையின் பலம். தீங்கு தென்படாத உச்ச அளவை மனிதர் உட்கொள்ளும் அளவோடு ஒப்பிட்டு, இடைவெளியை ஓர் எண்ணாகவும் சொல்லிவிடலாம். உடன் நடத்தப்படும் மரபணு நச்சுச் சோதனையில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஏம்ஸ் சோதனையின் பாக்டீரியா, திடீர்மாற்றம் அடைந்தாலன்றி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளராது; தயாரிப்பில் கலந்திருக்கும் ஹிஸ்டிடினே அந்தத் தட்டில் பாக்டீரியாவை வளரவைத்து, திடீர்மாற்றம் நிகழ்ந்தது போன்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

முடிவைத் தீர்மானித்தது, சான்றைக் காலப்போக்கில் பராமரிப்பது பற்றிய கேள்வி. உற்பத்தியாளர்கள் திரிபை ஒருமுறை உருவாக்கி அப்படியே விட்டுவிடுவதில்லை. விளைச்சலைக் கூட்ட மரபணுவின் நகல்களைப் பெருக்குவார்கள், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டியேஸ் தேவையற்றதாயின் அதை நீக்குவார்கள், அதே தாய்த்திரிபில் வேறொரு நொதியின் மரபணுவைச் செருகுவார்கள். எலிச் சோதனையை மட்டும் நம்பினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய சோதனை பொருந்துமா என்ற கேள்வி புதிதாக எழும். திரிபின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்த மரபுவழிக் கோப்பு இருந்தால், மாறிய இடத்தை மட்டும் ஆராய்ந்தால் போதும்: எந்த மரபணு எங்கே செருகப்பட்டது, எதிருயிரி எதிர்ப்பு மரபணு எஞ்சியிருக்கிறதா, நச்சு உண்டாக்கும் மரபணுத் தொகுதி முழு மரபணு வரிசையில் தென்படுகிறதா என்று பார்த்து, அந்தத் திரிபு உண்டாக்கக்கூடிய நச்சுகளை, ஆலையில் ஒவ்வொரு முறையும் தயாராகும் சரக்கிலேயே அளக்க வேண்டும். பூஞ்சையின் நச்சு உற்பத்தி வளர்ப்பு ஊடகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுவதால், ஆய்வகக் குடுவையில் எடுத்த அளவை நான் போதுமானதாகக் கொள்வதில்லை.

இந்தக் கோப்புக்குப் பராமரிப்பே உயிர். இடையில் ஒரு மாற்றம் பதிவாகாமல் விடுபட்டால், அதற்குப் பின் வரும் திரிபுகளுக்கு முந்தைய சான்று துணை நிற்காது. அந்நிலையில் எலிச் சோதனையையே கேட்க வேண்டியிருக்கும்.

என் அனுபவம் பெரும்பாலும் பேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தின் நொதிகளோடுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற இனங்களை நிபந்தனைகளோடு பாதுகாப்பானவையாகக் கருதுவதால், அங்கே துணிந்து முடிவெடுக்க முடிகிறது. புதிதாகப் பிரித்தெடுத்த இழைப்பூஞ்சையில் அந்தத் துணிவு எனக்கு இல்லை. அதன் முதல் நொதிக்கு 90 நாள் சோதனையைக் கேட்டுப் பெற்ற பிறகே மரபுவழிக் கோப்பைத் தொடங்குகிறேன்.