மார்ட்டி ரிப்போர்ட்: பழைய மஸ்டாங் ஏலத்துக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது

1969 ஃபோர்டு மஸ்டாங் மேக் 1 (ஸ்போர்ட்ஸ் வகை), ஆர் கோட் (இன்ஜின் குறியீடு), 428 கோப்ரா ஜெட் (அந்தப் பெரிய இன்ஜினின் பெயர்) என்று ஏலத்தில் ஒரு கார் வந்தால், போட்டோவில் மயங்குவதற்கு முன்னால் மார்ட்டி ரிப்போர்ட், அதாவது அந்தக் கார் ஆலையில் எப்படித் தயாரானது என்று சொல்லும் சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் சேஸிஸ் நம்பரை வாங்கி நீங்களே எடுத்துவிடலாம், காரின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. அரிசோனாவில் இருக்கும் மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் தருவது இது. 1967 மாடலில் தொடங்கி ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகள் முறையான உரிமத்தோடு இவர்கள் கையில் இருக்கின்றன, அதனால் ரிப்போர்ட்டில் இருப்பது யாருடைய ஊகமும் இல்லை, அந்தக் கார் ஆலையை விட்டு எப்படி வெளியே போனது என்ற பதிவு.

சேஸிஸ் நம்பர் மட்டும் ஏன் போதாது? 9, எஃப், 02, ஆர் என்று அது தொடங்கினால் 1969 மாடல், டியர்பார்ன் ஆலை, ஃபாஸ்ட்பேக் பாடி, ராம் ஏர் (பானெட் வழியாக வெளிக்காற்றை இன்ஜினுக்குள் இழுக்கும் அமைப்பு) வைத்த 428 இன்ஜின் என்பது வரை தெரியும். மேக் 1-ஆ சாதாரண ஃபாஸ்ட்பேக்கா என்பது அதில் கிடையாது (1970-ல்தான் மேக் 1-க்குத் தனியாக 05 வந்தது). டிரைவர் கதவில் ரிவெட் அடித்த தகட்டில் மேக் 1-இன் பாடி குறியீடான 63சி என்று இருக்க வேண்டும், ஆனால் அந்தத் தகடு புதிதாகவே அடித்துக் கிடைக்கிறது, மார்ட்டியே விற்கிறார்கள். ரீஸ்டோர் செய்பவருக்கு அது நியாயமான தேவைதான். ஏலத்தில் அதை மட்டும் நம்பிக் கை தூக்கினால் பணம் போச்சு.

சூப்பர் கோப்ரா ஜெட் (அதே 428 இன்ஜினின் இன்னும் உறுதியான வகை) விஷயத்தில்தான் இந்த ரிப்போர்ட்டின் அருமை தெரியும். 3.91 அல்லது 4.30 ரேஷியோ ஆக்ஸில் கேட்டு வாங்கியவர்களுக்கு உறுதியான கனெக்டிங் ராடும் ஆயில் கூலரும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஆனால் சேஸிஸ் நம்பரில் அதே ஆர்தான். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கூலரை யாரும் பின்னாளில் மாட்டிவிட முடியும். ஆலையில் எந்த ஆக்ஸில் போட்டார்கள் என்று ரிப்போர்ட் சொல்லிவிடும். ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், எலைட் என்று மூன்று வகை இருக்கிறது, ஏலத்துக்கு ஸ்டாண்டர்டே போதும், எலைட் சுவரில் மாட்டத்தான்.

அப்புறம் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் பேசுவது நம்பரைப் பற்றி, எதிரே நிற்கும் காரைப் பற்றி இல்லை. நொறுங்கிப்போன அசல் காரின் நம்பரை வெட்டி எடுத்து வேறு பாடியில் வெல்டு வைத்திருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாகவே வரும். அதனால் முன் ஃபெண்டருக்கு அடியில் மறைந்திருக்கும் ஏப்ரனில் (இன்ஜின் அறையின் பக்கவாட்டுத் தகடு) குத்திய நம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், சுற்றி வெல்டு தடம், கிரைண்டர் போட்ட அடையாளம் இருந்தால் விலகிவிடுங்கள். இன்ஜின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் கடைசி ஆறு இலக்கம் ஒத்துப்போக வேண்டும்.

பாஸ் 429 என்ற மஸ்டாங் வகை என்றால் இன்னும் கவனம். மிச்சிகனில் பிரைட்டன் ஊரில் கார் கிராஃப்ட் நிறுவனம் அந்தப் பெரிய இன்ஜினை இறக்குவதற்காக ஷாக் டவர்களையே (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதி) வெளிப்பக்கம் தள்ளி அமைத்தது, பேட்டரி டிக்கிக்குப் போனது. கதவில் இருக்கும் கேகே (கார் கிராஃப்ட்) நம்பர் வெறும் ஸ்டிக்கர். டவரைத்தான் பார்க்க வேண்டும்.

1965, 66 மாடல்களுக்கு மார்ட்டியிடம் ரிப்போர்ட் கிடைக்காது. அந்த வருஷத்து ஷெல்பி ஜிடி350 (ஷெல்பி நிறுவனம் மாற்றியமைத்த மஸ்டாங்) என்றால் ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப்பின் பதிவேட்டில் தேடுங்கள்.