புதுசு என்று விற்ற பழைய கேமரா: கடலுக்கடியில் படம் எடுக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

தண்ணீருக்கடியில் படம் எடுக்க ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே தண்ணீர் புகுந்து, பிரித்துப் பழுது பார்த்த வாட்டர்ப்ரூஃப் கேமரா ஒன்றைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். கடலுக்குள் கொண்டுபோன முதல் தடவையே உள்ளே தண்ணீர் இறங்கி அது செத்துப்போனது. பணம் போனது ஒரு பக்கம். "நீங்கதான் கதவை ஒழுங்கா மூடல" என்று பழியையும் என் மேலேயே போட்டார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பேட்டரிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பஞ்சுநார் ஒட்டாத துணியால் துடைத்து, பூட்டு 'டக்' என்று விழும்வரை மூடிய பிறகுதான் தண்ணீரில் இறங்கினேன். பெட்டியில் எழுதியிருந்த ஆழத்தில் பாதிகூடப் போகவில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் லென்ஸ் கண்ணாடியின் அடியில் பிறை மாதிரி ஒரு பனிப்படலம். வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் குளிர்ந்த நீரில் இப்படிப் படிவது உண்டு, அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இந்தப் படலம் துளியாகத் திரண்டு கண்ணாடிக்குப் பின்னால் உருள ஆரம்பித்தது. திரையில் கோடுகள் ஓடின. நான் எதையும் அழுத்தாமலேயே ஃபிளாஷ் அடித்தது. பிறகு திரை கறுத்தே போய்விட்டது.

மேலே வந்ததும் வெளிப்புறத்தை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு பேட்டரிக் கதவைத் திறந்தேன். ஓ-ரிங் சுத்தம். பேட்டரி இருக்கும் குழி சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறும் குட்டி வெள்ளை ஸ்டிக்கர் அங்கே வெள்ளையாகவே இருந்தது. கேமராவைச் சாய்த்தபோது, பின்பக்கத் திரைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இணைப்பில் ஒரு மூலையிலிருந்து நீர் கசிந்தது. நான் மூடித் திறக்கும் எந்த இடமும் அது இல்லை, தொழிற்சாலையில் ஒட்டிய இடம். அந்த நிமிடமே கூட வந்தவரின் போனில் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "தண்ணி போச்சுன்னா வாரண்டி கிடையாது சார், சர்வீஸ் சென்டர்ல கேட்டுக்கோங்க" என்று கைகழுவிவிட்டார். சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்க்காமலேயே 'பயன்படுத்தியவரின் கவனக்குறைவு' என்று சீட்டில் எழுதினார்கள். நான் விடவில்லை. தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று எழுத்தில் கொடுங்கள், கதவு வழியாகப் போயிருந்தால் பேட்டரிக் குழி எப்படிக் காய்ந்திருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டேன். கடைசியில் அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர் என் கண்ணெதிரே பிரித்தார்.

பின்மூடியைத் தாங்கும் ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் வேறு நிறம், தலை தேய்ந்திருந்தது. மூடியைச் சுற்றி ஓட வேண்டிய ரப்பர் சீலுக்குப் பதிலாகத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய இரட்டைப் பக்க டேப். மூலையில் இரண்டு துண்டுகள் சேராமல் இடைவெளி. உள்ளே போர்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புநீர் பட்டால் செம்பு அப்படிக் களிம்பு ஏறும். சீரியல் நம்பரை வைத்துத் தேடினால், நான் வாங்குவதற்கு வெகுநாள் முன்பே யாரோ ஒருவர் பெயரில் அதன் வாரண்டி பதிவாகியிருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த கேமராவை டேப் ஒட்டி, பெட்டிக்குப் புது ஸ்டிக்கர் போட்டு, புது விலைக்கே விற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனபோது கடையில் முதலில் மறுத்தார்கள். பிறகு "வேற மாடல் எடுத்துக்கோங்க, வித்தியாசத்தை மட்டும் கட்டுங்க" என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் தீரவில்லை.

சாதாரண கேமரா என்றால், பிரித்து மாட்டியதை விற்பது வெறும் விலை மோசடியோடு போயிருக்கும். வாட்டர்ப்ரூஃப் கேமராவில் அப்படியில்லை. நீரில் 10 மீட்டர் இறங்கினால் நீர்ப்பரப்பில் இருந்ததைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடை ஏறி உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர சென்டிமீட்டர். அந்த ஒரு கண்ணாடியில் மட்டும் 28 கிலோ. உள்ளே இருப்பதோ கரையில் மூடியபோது இருந்த அதே காற்று. தலைமுடி அளவு இடைவெளி கிடைத்தால் போதும், நீர் பீறிட்டுக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் ஒருமுறை பிரித்த கேமராவுக்குப் புது சீல் போட்டு, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று கருவியில் சோதித்துத்தான் திருப்பித்தர வேண்டும். அந்தச் சோதனை நடக்காத கேமரா என் கணக்கில் வாட்டர்ப்ரூஃபே இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைகளில் 'ஐபிஎக்ஸ்8' என்று, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் தரக் குறியீட்டைச் சொல்லி அடித்துப் பேசுவார்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அசையாத நல்ல தண்ணீரில். ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஆகவே அந்த எழுத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று கையேட்டைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, இந்த இரண்டு தரமும் மூழ்கடிப்பதற்கானவை, பீய்ச்சியடிக்கும் நீருக்கானவை அல்ல. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு படகிலிருந்து குதிப்பதும், குழாயை வேகமாகத் திறந்து அதன் கீழே காட்டுவதும் வேண்டாம்.

"இது இருக்கும்போது ஹவுசிங் எல்லாம் வீண் செலவு" என்று அந்தக் கடையில் என்னிடம் சொன்னார்கள். ஹவுசிங் என்பது கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும், தண்ணீர் புகாத கெட்டியான வெளிக்கூடு. இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். இந்த வகைக் கேமராக்களில் பலரும் தேடுவது ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பின் 2023-இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7. இரண்டுமே தனியாக 15 மீட்டர் வரைதான். ஸ்கூபாவில், அதாவது காற்று சிலிண்டரோடு மூழ்குவதில், முதல் சான்றிதழ் வாங்கியவருக்கே 18 மீட்டர் வரை அனுமதி உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் சாதாரணமாகப் போகும் ஆழத்தை இந்தக் கேமரா தனியாகத் தாங்காது. இதற்கென்றே வரும் ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர் வரை தாங்கும். நிக்கான் டபிள்யூ300 மாதிரி தனியாகவே 30 மீட்டர் போகக்கூடியவையும் வந்திருக்கின்றன. ஆனால் இப்போது அவை பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். பழையது என்றால் நான் மேலே சொன்ன கதை உங்களுக்கும் நடக்கலாம். மேலே மிதந்துகொண்டு ஸ்நார்கலிங் மட்டும் செய்பவருக்குக் கேமரா தனியாகவே போதும். ஸ்கூபா என்றால் ஹவுசிங் கட்டாயம் என்பேன். ஹவுசிங்கில் ஒரு துளி கசிந்தாலும் உள்ளே இருக்கும் வாட்டர்ப்ரூஃப் கேமரா பிழைத்துக்கொள்ளும்.

ஹவுசிங் வாங்கியதும் கேமராவை வைக்காமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு ஒருமுறை ஆழத்துக்குக் கொண்டுபோய் வாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் சரி. ஓ-ரிங்குக்கு கிரீஸ் போடும்போது மெல்லிய பளபளப்பு வந்தால் போதும். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் கிரீஸ். அப்பிவைத்தால் மணலையும் முடியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஹவுசிங் கம்பெனி தரும் கிரீஸையே போடுங்கள். சில சிலிகான் வளையங்கள் வேறு சிலிகான் கிரீஸ் பட்டால் உப்பிப்போகும்.

மெகாபிக்சலும் ஜூமும் சொல்லி விற்பதிலும் ஏமாறாதீர்கள். நீருக்கடியில் ஜூமால் பயன் மிகக் குறைவு. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே நீர் கூடக்கூடப் படம் மங்கும், நீலம் பூசும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே பெருமளவு கரைந்துபோகிறது. கடையில் காட்டும் ஆல்பத்தில் செக்கச்செவேல் என்று தெரிகிற பவளப்பாறை எல்லாம் பக்கவாட்டில் தனி ஃபிளாஷ் வைத்து எடுத்தவை. கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நீரில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக அடிக்கும். அரை மீட்டருக்குள் நெருங்கி எடுங்கள். நீருக்கடியில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும், பின்னால் நிறத்தைத் திருத்த வசதியாகப் படத்தைச் சுருக்காமல் ரா ஃபைலாகச் சேமிக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிஜி வரிசையை டைவர்கள் விரும்புவதற்கு முக்கியக் காரணம், லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம் வரை ஃபோகஸ் ஆகும் அதன் மைக்ரோஸ்கோப் வசதி. விரல் நகம் அளவு உயிரையும் படம் முழுக்க நிறைக்கலாம்.

வாங்கும் இடத்தில், பணம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டி, கேமரா, வாரண்டி அட்டை மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றா என்று பாருங்கள். அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் அங்கேயே பதிவு செய்து பாருங்கள், ஏற்கெனவே பதிவானது என்று வந்தால் வேண்டாம். போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். சுரண்டலோ வேறு நிறமோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரே மட்டமாக இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நல்ல தண்ணீர் நிரம்பிய வாளியில் ஊறப்போட்டு, குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். ஆழத்து அழுத்தத்தை வாளி காட்டாது, ஆனால் பெரிய ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியும் தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். வெளிப்புறத்தை ஒற்றி, திறந்து, எதையும் துடைப்பதற்கு முன் ஓ-ரிங், பேட்டரிக் குழி, ஸ்டிக்கர், கசியும் இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புநீர் பட்ட பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போடவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அரிசியில் புதைத்து வைப்பதால் உப்பு போகாது. மெமரி கார்டை நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்தால் படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். எனக்கும் கிடைத்தன.

பில்லில் 'புதியது, இதற்கு முன் பிரிக்கப்படாதது' என்ற வார்த்தைகளும் சீரியல் நம்பரும் இருக்கட்டும். என் பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது, கடைக்காரர் இன்றுவரை அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடிக்கொண்டிருக்கிறார். எழுதித்தர மறுக்கும் கடை என்றால், அது எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.